பிரிக்காத பதினோரு கவர்

எங்க சித்தி வீட்ல சர்க்கரை டப்பாவுக்கு ஒரு கார்டு உண்டு. டப்பா கழுத்துல நூல் கட்டித் தொங்கும். தேதி, வந்தது, போனது, மிச்சம்னு நாலு கட்டம். சித்தப்பா டீயில ரெண்டாவது ஸ்பூன் போட்டார்னா அதுல எழுதணும். அவர் எழுதமாட்டார். சித்தி டப்பாவைக் கையில தூக்கிப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க.

"கார்டு ஒண்ணு சொல்லுது, டப்பா ஒண்ணு சொல்லுது. ரெண்டுல எதுங்க பொய்?"

"எறும்பா இருக்கும்."

"அப்ப எறும்பை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

சித்திக்கு பம்பு செய்யற கம்பெனியில ஸ்டோர் கீப்பர் வேலை. இருபத்திரண்டு வருஷம். போல்ட், நட், பேரிங், பெல்ட், கிரீஸ் டின், எல்லாம் அவங்க பொறுப்பு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்குங்க வரிசையில நிப்பாங்க, இந்தப் பக்கம் சித்தி மூக்குக்கண்ணாடிக்கு மேல பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஸ்லிப் இல்லாம ஒரு வாஷர் வெளிய போகாது. மேனேஜர் கேட்டாலும் போகாது. ஒரு தடவை மேனேஜரே ஸ்லிப் எழுதத் தெரியாம மூணு தடவை கிழிச்சுப் போட்டுட்டு நாலாவது தடவை சரியா எழுதினாராம். "நல்ல கையெழுத்து," னு சித்தி பாராட்டினாங்களாம்.

ரெண்டு நாள் தங்கிட்டுப் போலாம்னு ஒரே ஒரு பையோட இந்த வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காய்ச்சல் பரவுதுன்னு எல்லாத்தையும் அடைச்சிட்டாங்க. ரெண்டு நாள் நாலு மாசமாச்சு. எனக்கும் எங்கயோ ஒரு கார்டு இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம். வந்தது ஒண்ணு, போனது இல்ல.

சர்ச்சும் பூட்டிட்டாங்க, நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். சித்தி போற சபையில எண்பது குடும்பம். பாதிக்கு மேல தினக்கூலி, சின்ன வேலை. அந்த வருஷம் குடும்பப் பொருளாதாரம் பத்தி ஒரு பெரிய கூட்டம் போடறதா இருந்தாங்க. கோட்டு போட்ட ஒருத்தரை வெளியூர்லேர்ந்து வரவழைக்கறதா ஏற்பாடு. அவரால வர முடியல, அதனால போன்லயே வகுப்பு. எல்லாரும் ஒரு நம்பருக்குக் கூப்பிட்டா எல்லார் குரலும் ஒரே லைன்ல கேக்கும். பட்டன் போன் வச்சிருக்கறவங்களும் வரலாம்.

கோட்டுக்காரர் குரல் புதுச் செருப்பு மாதிரி, நடந்தா கீச்சுகீச்சுன்னு இருக்கும். "அன்பானவர்களே, உங்கள் வருமானத்தில் முப்பது சதவீதத்தை முதலீட்டுக்கு ஒதுக்குங்கள்." லைன்ல ஒரு குக்கர் விசில். அப்புறம் யாரோ ஒரு அம்மா, போன் அணைஞ்சிருக்குன்னு நெனச்சிக்கிட்டு, "வருமானம் எங்கடா இருக்கு, முதல்ல அதைச் சொல்லச் சொல்லு." கோட்டுக்காரர் இருமிட்டு ஜெபத்துல முடிச்சிடலாம்னார்.

முடிவு ஜெபம் பண்ண பாஸ்டர் சித்தியைக் கூப்பிட்டார். பாஸ்டர் குரல் தெரியுமா? ஒவ்வொரு வார்த்தையையும் கையப் பிடிச்சு ரோட்டைத் தாண்ட வைக்கற மாதிரி. "சகோ...தரி... நீங்க... ஜெபம்..." சித்தி கண்ணை மூடினாங்க. நானும் மூடினேன். ஜெபம் வரல. அதுக்குப் பதிலா சித்தி கேட்டாங்க:

"எல்லார் வீட்லயும் அரிசி எவ்வளவு இருக்கு?"

அப்படி ஆரம்பிச்சதுதான். அடுத்த செவ்வாய்லேர்ந்து காலையில பதினோரு மணிக்கு சித்தி வகுப்பு. கோட்டுக்காரரை அப்புறம் யாரும் தேடல.

பாஸ்டர் பிரசங்கத்துல உக்கிராணக்காரன்னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். உக்கிராணம்னா சாமான் வைக்கற அறை. முதலாளியோட சாமானுக்குச் சாவி வச்சிருக்கறவன் உக்கிராணக்காரன். ஆண்டவர் முதலாளி, நாம சாவிக்காரங்க, நம்ம கையில இருக்கற காசு, உடம்பு, வீடு எதுவும் நம்மளுது இல்ல, கேக்கும்போது கணக்குச் சொல்லணும். இதை எல்லாரும் சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டு, ஆமென் சொல்லிக்கிட்டு, வீட்டுக்குப் போய் மறந்துக்கிட்டு இருந்தாங்க. சித்தி மட்டும்தான் அந்த வார்த்தையைக் கேட்டதும், "அட, இது நம்ம வேலையாச்சே!" னு நிமிர்ந்து உக்காந்த ஆளு.

எல்லா வீட்லயும் கார்டு போட வச்சாங்க. அரிசிக்கு, எண்ணெய்க்கு, சோப்புக்கு, மாத்திரைக்கு, வேலை செய்யற கருவிக்கு. வாரா வாரம் நாலு வீடு கார்டு படிக்கணும். சிரிக்காம கேக்க முடியாது. ஒருத்தர் வீட்ல ஏழு குடை இருந்துச்சு, யாரும் வெளிய போகாத காலத்துல. "மழைக்கு எதிரா யுத்தமா தம்பி?" னு சித்தி கேட்டாங்க. இன்னொரு வீட்ல பால் பவுடர் இல்ல, அடுத்த சந்துல ஒரு வீட்ல அஞ்சு டப்பா. கார்டு படிச்ச அன்னைக்கே ரெண்டு டப்பா சந்து மாறிடுச்சு. யாரும் யாருகிட்டயும் கேக்கல. லைன்ல காதுல விழுந்துச்சு, கால் நடந்துச்சு, அவ்ளோதான். பயம் பிடிச்ச எண்பது வீடு, ஒருத்தர் அலமாரியை ஒருத்தர் தெரிஞ்சிக்கிட்டு, ஒரே பெரிய சாமான் அறை மாதிரி ஆயிடுச்சு. சித்தி அதுக்கு நடுவுல சமையலறை ஸ்டூல்ல உக்காந்து, போனை ஸ்பீக்கர்ல போட்டு, டம்ளர் மேல சாய்ச்சு வச்சிருப்பாங்க. நான் எதிர்ல உக்காந்து சத்தம் வராம எல்லார் மாதிரியும் வாயசைச்சுக் காட்டுவேன். சித்தப்பா சிரிப்பை அடக்க முடியாம பாத்ரூமுக்கு ஓடுவார்.

இப்ப கவர் விஷயம். இந்தச் சபையில காணிக்கையை வெள்ளைக் கவர்ல போட்டுக் குடுக்கறது பழக்கம். கவர் மேல குடும்ப நம்பர். வர வருமானத்துல பத்துல ஒரு பங்கு உள்ள. ஞாயித்துக்கிழமை பெட்டியில போடணும். கோயில் பூட்டினதும் பெட்டியும் உள்ள மாட்டிக்கிச்சு. திறக்கற வரைக்கும் கவரை வீட்லயே பத்திரமா வைங்கன்னு பாஸ்டர் சொல்லிட்டார். சித்தி தன்னோட முதல் வகுப்புலயே அதுக்கு ஒரு சட்டம் போட்டாங்க. அந்தச் சட்டத்தை நான் எத்தனையோ தடவை அவங்க குரல்ல சொல்லிக் காட்டியிருக்கேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தற குரல்:

"கவர் முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம். ஒட்டின கவரைத் தொட்டா நீங்க ஸ்டோர் கீப்பர் இல்ல. திருடன்."

கோயில் பூட்டி பதினோரு ஞாயிறு போச்சு. அதுக்கு அடுத்த செவ்வாய், வெல்டர் வீட்டு முறை.

முன்னாடி லீவுக்கு வந்தப்ப வெல்டரைப் பாத்த ஞாபகம் எனக்கு உண்டு. கோயில்ல கடைசி வரிசை, முழங்கைக்குக் கீழ எல்லாம் பொறி பட்ட புள்ளி. கேட்டு, ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி செய்யறவர். பேசவே மாட்டார். அவர் மனைவிதான் கார்டு படிச்சாங்க. பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கற குரல்.

"அரிசி மூணு கிலோ. பருப்பு அரை. எண்ணெய் ஒரு டம்ளர். உருளைக்கிழங்கு ஆறு. வெல்டிங் மிஷின்..."

பின்னாடி அவர் குரல்: "அதைப் படிக்காத."

"கார்டுல இருக்கறதைப் படிக்கணும்ல? வெல்டிங் மிஷின், முன்னாடி ஒண்ணு. போனது ஒண்ணு. மிச்சம் இல்ல."

சித்தி பென்சிலைக் கீழ வச்சாங்க. "போனதுன்னா எங்கம்மா? ரிப்பேருக்கா?"

"இல்லக்கா. இரும்புக் கடைக்காரர்கிட்ட இருக்கு. வச்சு ஐயாயிரம் வாங்கியிருக்கோம். இந்தச் சனிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள ஐயாயிரத்து நானூறு குடுத்தா திரும்பித் தருவார். இல்லன்னா வித்துடுவேன்னு சொல்லிட்டார்."

"அந்த ஐயாயிரம் எப்படிப் போச்சு?"

"வீட்டு வாடகை மூவாயிரம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஆயிரத்து ஐநூறு. கவருக்கு ஐநூறு."

"எந்தக் கவருக்கு?"

"காணிக்கைக் கவருக்குத்தான்க்கா. பணம் வந்துச்சே, பத்துல ஒண்ணு எடுத்து முதல்ல அதுல போட்டு ஒட்டிட்டார். மொத்தம் பதினோரு கவர் இருக்கு. ஒண்ணைக்கூட தொடல."

கடைசி வரியை அவங்க சொன்ன விதம் இருக்கே. முழு மார்க் வாங்கின குழந்தை அம்மாகிட்ட பேப்பரை நீட்டற மாதிரி. லைன்ல யாரோ, "ஸ்தோத்திரம்!" னாங்க. இன்னொருத்தர் "என்ன விசுவாசம்!" னார்.

நான் வாயசைக்கறதை நிறுத்திட்டேன்.  சோறு போடற மிஷினைக் கொண்டுபோய் அடகு வச்சு, அந்தக் கடன் காசுலயும் கடவுளுக்குப் பங்கு எடுத்து வச்சிருக்கான் ஒரு மனுஷன். கடன் வருமானம் இல்லன்னு கணக்குத் தெரிஞ்ச யாரும் சொல்லுவாங்க. அவருக்கு யாரும் சொல்லல. அவருக்குச் சொன்னது ஒரே ஒருத்தர், அவங்க சொன்னது வேற.

சித்தி மட்டும் ஸ்தோத்திரம் சொல்லல. "இன்னைக்கு இது போதும்," னு வகுப்பை இருபது நிமிஷத்துலயே முடிச்சிட்டாங்க. டீ போட்டாங்க. சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போட்டாங்க. கார்டுல எழுதல. நானும் சித்தப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

ரொம்ப நேரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டாங்க. "நீ எனக்குப் பின்னாடி என்னை மாதிரி பேசிக் காட்டுவியாமே. அந்தக் கவர் சட்டத்தைச் சொல்லு."

"ஐயோ சித்தி, அது சும்மா..."

"சொல்லு."

சொன்னேன். ஸ்டாம்ப் குத்தற குரல்ல. கடைசி வார்த்தைக்கு எப்பவும் கொஞ்சம் கூடுதலா குத்துவேன், சித்தப்பா சிரிப்பார்னு. அன்னைக்கும் பழக்கத்துல குத்திட்டேன். திருடன்.

"என் குரல் இவ்ளோ கெட்டியாவா இருக்கு?"

நான் டீ டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன்.

புதன்கிழமை வெல்டருக்கு போன் பண்ணாங்க. "தம்பி, கவரையெல்லாம் பிரிங்க. மிஷினை மீட்டுக்கிட்டு வாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "அக்கா, செக்கிங்கா?"

சித்தி திடீர் திடீர்னு ஒரு வீட்டுக்கு போன் போட்டு, "சோப்பு எத்தனை, எடுத்துப் பாத்துச் சொல்லு," னு சோதிக்கறவங்க. இதுவும் அப்படித்தான்னு அவர் நெனச்சிட்டார்.

"செக்கிங் இல்லப்பா. நெஜமாத்தான் சொல்றேன்."

"நல்லாச் சோதிச்சுக்கோங்கக்கா. பிரிக்கமாட்டேன்." வச்சிட்டார்.

வியாழக்கிழமை பாஸ்டர்கிட்ட பேசினாங்க. "சகோ...தரி... இது... கமிட்டியில... கேக்கணும்..." கமிட்டின்னா பொருளாளர். பொருளாளர்னா நாங்க ரசீது மாமான்னு கூப்பிடறவர். தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். கோயில்ல மெழுகுவத்தி வாங்கினாலும் ரசீது, கடைக்காரர் ரசீது குடுக்கலன்னா மெழுகுவத்தி வேண்டாம்னு திரும்பி வந்துடுவார். குரல் டைப்ரைட்டர் மாதிரி, வரி முடிஞ்சா டிங்.

"கவர் சபையோட சொத்தும்மா. வீட்ல இருக்கறது தற்காலிகம். இதுல தலையிட உனக்கும் அதிகாரம் இல்ல, எனக்கும் அதிகாரம் இல்ல." டிங். "பாஸ்டருக்கே மூணு மாசமா சம்பளம் போடல, தெரியுமா? அந்தக் கவருங்க வந்தாத்தான் போட முடியும்." டிங்.

அது சித்திக்குத் தெரியாது. பாஸ்டர் வீட்டு முறை வந்தப்பெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி கார்டு படிக்காம விட்டுட்டாங்க. ஏன்னு இப்பத்தான் புரிஞ்சுது.

வெள்ளிக்கிழமை காலையில ஒரு காய்கறிப் பையை என் கையில குடுத்து, "வா," ன்னாங்க. கடைக்குப் போறோம்னு போலீஸ்கிட்ட காட்ட பை. ரெண்டு தெரு தாண்டி வெல்டர் வீடு. ரோட்ல ஆள் இல்ல. மூடின கடை ஷட்டருக்கு முன்னாடி ஒரு நாய் நடுரோட்ல மல்லாந்து தூங்குது, ரோடே அதோட அப்பா வீட்டு ரோடு மாதிரி.

வெல்டர் வீட்டு கேட்டு அவர் செஞ்சது. ஒவ்வொரு கம்பியும் நேர்கோடு. நாங்க வெளிய நின்னோம், அவரும் மனைவியும் உள்ள வாசப்படியில. எல்லாரும் முகமூடி. பக்கத்துல ஒரு காலி இடம், தரையில நாலு துருக் கறை. மிஷின் நின்ன இடம்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்கக்கா," னு மனைவி முகமூடியை இழுத்து விட்டுக்கிட்டுச் சொன்னாங்க. "கால் உடைஞ்ச இரும்புக் கட்டில் நாப்பது கெடக்காம். ஜனங்களைத் தரையில படுக்க வச்சிருக்காங்களாம். மிஷினோட வந்தா திங்கக்கிழமையே ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க. இவர் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

சித்தி கேட்டுக் கம்பியைப் பிடிச்சாங்க. "தம்பி. நான் சோதிக்கல. நான் சொன்னது தப்பு. பிரிங்க."

 அவர் சேர்ந்தாப்புல அவ்ளோ பேசி நான் கேட்டது அப்பத்தான். குரல் ஏறல.

"நீங்க எல்லார் முன்னாடியும் அந்தச் சட்டத்தைச் சொன்னீங்கக்கா. எல்லாரும் கேட்டாங்க. இப்ப என் வீட்டு வாசல்ல வந்து எனக்கு மட்டும் மாத்திச் சொல்றீங்க. நான் பிரிச்சேன்னு நாளைக்குத் தெரிஞ்சா, எல்லாருக்கும் ஒரு சட்டம், பாவம் இவனுக்கு மட்டும் ஒரு சட்டம்னு ஆகும். எனக்கு மிஷின் போனாலும் போகட்டும். அந்தப் பேரு வேண்டாம்."

சித்தி கேட்டை விட்டாங்க. "நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு லைனுக்கு வாங்க," ன்னு மட்டும் சொன்னாங்க. திரும்பி வரும்போது நாயைச் சுத்திக்கிட்டுத்தான் போனோம். என் பையில ஒரு தக்காளிகூட இல்ல.

சனிக்கிழமை ஒம்பதரை. எல்லா வீட்டுக்கும் தகவல் போயிருந்துச்சு. அறுபத்தஞ்சு வீடு லைன்ல. அவ்ளோ பேர் அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. சித்தி ஸ்டூல்ல உக்காரல, நின்னாங்க. அடுப்பு மேடையைப் பிடிச்சிக்கிட்டு.

"நான் வேலையில சேந்த நாலாவது வருஷம்," னு ஆரம்பிச்சாங்க. "ஒரு பெரிய பேரிங். ஸ்டாக்குல ஒண்ணுதான் இருந்துச்சு. கார்டுல மினிமம் ஸ்டாக் ஒண்ணுன்னு போட்டிருக்கும். அப்படின்னா அதுக்குக் கீழ இறங்கக் கூடாது. ஒரு நாள் மெயின் மிஷின் நின்னு போச்சு. சூப்பர்வைசர் ஓடி வந்து அந்தப் பேரிங்கைக் கேட்டார். குடுக்கமாட்டேன்னுட்டேன். மினிமம் ஒண்ணு இருக்கணும், குடுத்தா பூஜ்யம் ஆயிடும், சட்டம் தப்பும்னு சொல்லிட்டேன். ஒம்பது மணி நேரம் மிஷின் நின்னுச்சு. நூத்தி இருபது பேர் சும்மா உக்காந்திருந்தாங்க. நான் மட்டும் வலைக்குள்ள பெருமையா உக்காந்திருந்தேன்."

லைன்ல குக்கர்கூட சத்தம் போடல.

"முதலாளி வந்தார். கத்துவார்னு நெனச்சேன். பேரிங்கைக் கையில எடுத்துத் தூசியைத் துடைச்சார். 'இதை யாருக்காகம்மா வச்சிருக்க?' ன்னு கேட்டார். அவ்ளோதான் கேட்டார்.  அன்னைக்குக் கத்துக்கிட்டேன்னு நெனச்சேன். கத்துக்கல. பதினெட்டு வருஷம் கழிச்சு அதே தப்பை உங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

நின்னு மூச்சு வாங்கினாங்க.

"ஒட்டின கவரைத் தொட்டா திருடன்னு சொன்னேன். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கறேன். சபையில ஒரு வீட்ல மிஷின் நின்னு கெடக்கு. நம்ம அலமாரியில சாமான் இருக்கு. முதலாளி வந்து இதை யாருக்காக வச்சிருக்கன்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்? ஒரு மனுஷன் என் பேச்சைக் கேட்டு, கடன் வாங்கின காசுலயும் கவர் போட்டிருக்கார். அவர் விசுவாசம் பெருசு. என் பாடம் தப்பு. தம்பி, மன்னிச்சிடு. எல்லாரும் மன்னிச்சிடுங்க."

எனக்கு அந்த அறையே கொஞ்சம் பெருசான மாதிரி இருந்துச்சு. மேனேஜருக்கே ஸ்லிப் இல்லாம ஒரு வாஷர் குடுக்காத ஆளு. சித்தப்பா பாத்ரூம் பக்கம் போனார், சிரிக்க இல்ல.

முதல்ல பேசினது அழகு நிலையம் வச்சிருக்கற அக்கா. "மன்னிக்கணும்க்கா. எனக்கு இது சரியாப் படல. கடவுளுக்குன்னு ஒட்டினது கடவுளுக்குத்தான்." டொக்குனு வச்சிட்டாங்க. சித்தி, "அவங்க மனசு அவங்களுக்கு," ன்னாங்க, கோவமே இல்லாம. அந்த அக்கா சொன்னபடியே, கோயில் திறந்த அன்னைக்கு மொத்தக் கவரையும் கொண்டுவந்து பெட்டியில போட்டாங்க. சித்திதான் அவங்களுக்குப் பெட்டியைப் பிடிச்சாங்க.

அப்புறம் டைப்ரைட்டர் தொண்டையைச் செருமிச்சு.

"ஒரு சந்தேகம்மா. கவரைப் பிரிச்சா ரசீது எப்படிப் போடறது?"

"ரசீது வேண்டாம் மாமா. இஷ்யூ ஸ்லிப் போடுங்க. யாரு வாங்கினது, என்ன காரணம், எவ்வளவு, கையெழுத்து. கோயில் திறந்ததும் ஸ்லிப்பைக் கவர்ல வச்சுப் பெட்டியில போடட்டும்."

 தபால் ஆபீஸ் மூளை கொஞ்சம் வேலை செஞ்சுது.

"அது முறைதான்," ன்னார் ரசீது மாமா. டிங். "ஆனா பாஸ்டர் சொல்லணும்."

எல்லாரும் பாஸ்டருக்காகக் காத்திருந்தோம். மூணு மாசமா சம்பளம் வாங்காதவர். அந்தக் கவருங்க வந்தாத்தான் அவருக்குச் சோறுன்னு லைன்ல எத்தனை பேருக்குத் தெரியும்? சித்திக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரசீது மாமாவுக்குத் தெரியும். அவர் இனிமே ஒவ்வொரு வார்த்தையா ரோட்டைத் தாண்ட வச்சு மணி பத்தாக்கிடுவார்னு நெனச்சேன்.

"பிரிங்க," ன்னார்.

ஒரே வார்த்தை. அவர் வாழ்க்கையிலேயே சின்னப் பிரசங்கம் அதுதான். என்னால அதை இன்னைக்கும் அவர் மாதிரி சொல்ல வரல, ஏன்னா அது அவர் மாதிரியே இல்ல.

 சித்தி, "தம்பி, இருக்கீங்களா?" ன்னாங்க. பதில் இல்ல. அப்புறம் ஒரு சத்தம். சர்ர்ர்.

காகிதம் கிழியற சத்தம்.

கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. சர்ர்ர். பதினொண்ணையும் எண்ணினேன். நடுவுல எங்கயோ ஒரு விசும்பல், அவரா அவங்களான்னு தெரியல.  அறுபத்து மூணு வீடு போனைக் காதுல வச்சிக்கிட்டு, ஒரு வீட்ல கவர் பிரியறதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. கோயில்ல பாட்டெல்லாம் பாடி முடிச்சு விளக்கை அணைச்சப்பகூட அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்ல. எந்தக் குரலையும் பிடிச்சிடுவேன்னு எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தச் சத்தத்தை நான் முயற்சி பண்ணவே இல்ல.

மனைவிதான் கூட்டிச் சொன்னாங்க. "முதல் ரெண்டு கவர்ல அறுநூறு அறுநூறு. கடன் வாங்கின வாரத்து ஐநூறைத் தவிர, போகப் போகக் குறைஞ்சிருக்குக்கா. கடைசிக் கவர்ல இருபதுதான். எல்லாம் சேத்து மூவாயிரத்து ஐநூறு."

ஐயாயிரத்து நானூறுக்கு ஆயிரத்து தொள்ளாயிரம் குறையுது. மணி ஒம்பது அம்பத்தஞ்சு.

அப்பத்தான் அந்த இன்னொரு சத்தம். சர்ர்ர் இல்ல. கறுக், கறுக், கறுக். கத்தரிக்கோல். நேரா, ஓரம் கெடாம.

"குடும்ப நம்பர் பதினாலு," ன்னார் ரசீது மாமா. "பென்ஷன் மாசத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணு கவர், ஒவ்வொண்ணுலயும் எழுநூறு. ஆக ரெண்டாயிரத்து நூறு. ஆயிரத்து தொள்ளாயிரம் இஷ்யூ பண்றேன். ஸ்லிப் நம்பர் ஒண்ணு. மிச்சம் இருநூறை மூணாவது கவர்ல வச்சு மறுபடி ஒட்டறேன். தம்பி, உன் வீட்டுக்கு எதிர் வரிசைதான நான், உன் கேட்டுல சொருகிட்டு வரேன். நீ கையெழுத்துப் போடாம எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிங்க மாமா," ன்னார் வெல்டர். அன்னைக்கு லைன்ல அவர் பேசின முதல் வார்த்தை.

அதுக்கப்புறம் யார் யார் கிழிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. சர்ர்ர், இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, ரெண்டு மூணு சேந்தாப்புல. யாரோ பாஸ்டர் வீட்டுக்கு ஒரு ஸ்லிப்னு சொன்னாங்க. பாஸ்டர், "வேண்...டாம்..." னு ஆரம்பிச்சார், அவர் முடிக்கறதுக்குள்ள ஸ்லிப் எழுதி முடிச்சாச்சு. சித்தி அடுப்பு மேடையை விட்டு மெதுவா ஸ்டூல்ல உக்காந்தாங்க. கையில பென்சில் இருந்துச்சு. எழுதவே இல்ல.

பதினொண்ணே காலுக்கு வெல்டர் மனைவி போன் பண்ணி, "வந்துடுச்சுக்கா," ன்னாங்க. பின்னாடி இரும்பைத் தரையில இழுக்கற சத்தம் கேட்டுச்சு.

திங்கக்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சித்தி செவ்வாய்க்கிழமை வகுப்பு நடத்தலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சாங்க. "தப்பாச் சொல்லிக் குடுத்தவளை யாரு கேப்பாங்க?" ன்னாங்க. பதினோரு மணிக்கு லைனைத் திறந்தா எழுபத்தொரு வீடு.

"வெல்டர் வீட்டுக் கார்டை மறுபடி படிக்கலாமா?" ன்னு சித்தி கேட்டாங்க. ஸ்டாம்ப் குத்தற குரல் இல்ல. கேள்வி கேக்கற குரல்.

அவர் மனைவி படிச்சாங்க. அரிசி ரெண்டு கிலோ. பருப்பு கால். உருளைக்கிழங்கு நாலு. வெல்டிங் மிஷின், முன்னாடி இல்ல, வந்தது ஒண்ணு, மிச்சம் ஒண்ணு. காணிக்கைக் கவர், முன்னாடி பதினொண்ணு, போனது பதினொண்ணு, மிச்சம் இல்ல.

"மிஷின் இப்ப எங்கம்மா?"

"அவரும் லைன்ல இருக்கார்க்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து. கேளுங்க."

கேட்டோம். ஒரு நீளமான பொரியற சத்தம், நின்னு நின்னு, மறுபடி மறுபடி. நாப்பது கட்டில்ல ஒம்பதாவது கட்டிலாம்.

ரசீது மாமாவால தாங்க முடியல. "யாரது மியூட் பண்ணாம? ஒண்ணும் கேக்கல!" டிங்.

"இருக்கட்டும் மாமா," ன்னாங்க சித்தி. "அதுதான் கேக்கணும்."